கழற்றி மாட்டும் கூரை

கதவைச் சாத்திவிட்டு வாருங்கள், தூசி வரும். கோபித்துக்கொள்ளாதீர்கள், யார் வந்தாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். வருகிறவர்களுக்கெல்லாம் பழகிவிட்டது. வருகிறவர்கள் என்று பெரிதாக யாரும் இல்லை. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர், என் சிநேகிதர் சந்தானம், எப்போதாவது உங்களைப் போல பஸ் விஷயமாக யாராவது. அவ்வளவுதான்.

அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். பொட்டலத்தை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இப்போது பிரிக்க வேண்டாம். எனக்கு மட்டும் அவசரம் இல்லையா என்ன? இருக்கிறது. ஆனால் இதற்கு ஒரு முறை இருக்கிறது. மேஜையைத் துடைத்து வெள்ளைத் துணி விரிக்க வேண்டும். கை கழுவ வேண்டும். அப்புறம்தான் பிரிப்பது. அதுவரை காபி குடியுங்கள். நானே போட்டது, சர்க்கரை கொஞ்சம் கூடிப்போயிருக்கும்.

நேற்று போனில் நீங்கள், "சார், நீங்க கேட்ட பஸ் கூரை என்கிட்ட இருக்கு, காலையில வர்றேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். பேரைக்கூட நான் கேட்கவில்லை. பேர் எதற்கு? எங்கள் முகநூல் குழுவில் பாதிப் பேருக்குப் பேர் கிடையாது. பழைய பஸ் நம்பரைப் பேராக வைத்துக்கொண்டு திரிகிறார்கள்.

எங்கிருந்து வருகிறீர்கள்? கரூரா. சரி. ஊர் என்ன செய்யும், பாவம். நீங்கள் என்ன ஆட்கள் என்றெல்லாம் நான் கேட்க மாட்டேன். பஸ் விஷயத்தில் நான் அதெல்லாம் பார்ப்பதே இல்லை. சந்தானம் என்ன ஆட்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சரி, தெரியும். ஆனால் பார்ப்பதில்லை.

மொட்டை போட்டு முடி முளைக்க ஆரம்பித்திருக்கிறது. மீசையும் எடுத்திருக்கிறீர்கள். பழனியா? நல்லது. நான் போய் வருஷக்கணக்கு ஆகிறது. காபி ஆறுகிறது பாருங்கள்.

இதுதான் அலமாரி. எல்லாம் மாடி பஸ் மாடல், எல்லாம் மேலே கூரை இல்லாதது. கூரை இருக்கிற பஸ்ஸை நான் வாங்குவதில்லை. கூரை இருந்தால் மாடிக்குள் கம்பெனிக்காரன் என்ன செய்திருக்கிறான் என்று தெரியாது, ஏமாற்றிவிடலாம். கூரை இல்லாததில் ஏமாற்ற முடியாது. ஒவ்வொரு சீட்டும் தெரியும், சீட்டின் கைப்பிடிக் கம்பி தெரியும், படிக்கட்டு மேலே வந்து முடிகிற இடம் தெரியும். நிஜ பஸ்ஸில் எழுபத்தாறில் ஒரு பங்கு. உள்ளங்கையில் வைத்தால் இரண்டு முனையும் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சின்னதில் டிக்கெட்டைக் கிழித்துப் போடுகிற பெட்டிகூட வைத்திருக்கிறான்.

நான் இன்சூரன்ஸில் இருந்தவன். வண்டி விபத்து க்ளெய்ம் பிரிவு. வேலை முழுக்க அடிபட்ட வண்டிகளைப் பார்ப்பதுதான். நசுங்கிய லாரி, கவிழ்ந்த பஸ். எந்த அடி பழைய அடி, எந்த அடி புது அடி என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவேன். வண்டிச் சொந்தக்காரர்கள் பழைய சொட்டையையெல்லாம் புது விபத்துக் கணக்கில் சேர்க்கப் பார்ப்பார்கள். என்னிடம் நடக்காது. நாள் முழுதும் அப்படிப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அடிபடாத வண்டி ஒன்றைப் பார்க்க வேண்டும் போல இருக்கும். வேறு ஒன்றும் இல்லை. குடிக்கிறவன் இருக்கிறான், சீட்டாடுகிறவன் இருக்கிறான். நான் பஸ் பார்த்தேன். என் மனைவி லோகநாயகி மட்டும் கடைசிவரை இதைப் புரிந்துகொள்ளவில்லை.

இதோ, இதுதான் நீங்கள் கொண்டுவந்திருக்கும் கூரைக்கு உரிய பஸ். க்ரீமும் பச்சையும். இங்கிலாந்தில் கடலோர ஊர் ஒன்றில் ஓடிய வண்டியாம். வெயில் காலத்தில் கூரையைக் கழற்றி ஷெட்டில் வைத்துவிடுவார்கள். குளிர் வந்ததும் திரும்ப மாட்டுவார்கள். அதனால் இந்த மாடலில் மட்டும் கூரை தனியாக வரும். பஸ் உலோகம், கூரை பிளாஸ்டிக். நாலு மூலையிலும் சின்னக் கொக்கி. அழுத்தினால் 'டிக்' என்று உட்காரும். அந்தச் சத்தம் கேட்காவிட்டால் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். என் ஆபீஸ் நண்பரின் தம்பி கப்பலில் இருந்தார், அவர் கொண்டுவந்தது. என்னிடம் வந்த முதல் பஸ். அந்த வருஷம்தான் சுகந்தி பிறந்தாள். என் மகள். அந்தப் போட்டோவில் இருக்கிறாளே, அவள்தான். வந்ததிலிருந்து நீங்கள் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், கவனித்தேன். காலேஜ் முடித்தபோது எடுத்தது. இப்போது எப்படி இருக்கிறாளோ, நாற்பது வயது இருக்கும்.

கூரையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் கொண்டுவந்திருப்பது புதுசு போல இருக்கலாம். ஆனால் என்னுடையதில் ஒரு பழுது இருந்தது. சுகந்திக்குப் பல் முளைக்கிற சமயம். தவழ்ந்து வந்து, மேஜைத் துணியை இழுத்து, விழுந்த கூரையை எடுத்து வாயில் வைத்துக் கடித்துவிட்டாள். கீழே இரண்டு பல்தான் அப்போது. பின்பக்கம் இடது மூலையில் இரண்டு பள்ளம். நான் லோகநாயகியைப் பிடித்துச் சத்தம் போட்டேன். "குழந்தை தொண்டையில சிக்கலையேன்னு இருக்கு எனக்கு, நீங்க பிளாஸ்டிக்குக்கு அழறீங்க" என்றாள். பேச்சு எங்கிருந்து எங்கே போகிறது பாருங்கள். அதன் பிறகு அலமாரிக்குக் கண்ணாடிக் கதவு போட்டேன், பூட்டும் போட்டேன்.

சுகந்தி அந்தக் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் வளர்ந்தாள். மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நிற்பாள். அந்த மூக்கு அடையாளத்தைத் துடைப்பதே எனக்குத் தினம் ஒரு வேலை.

"அப்பா, இந்த பஸ்ல யாரு ஏறுவாங்க?"

"யாரும் ஏற மாட்டாங்க."

"அப்புறம் எதுக்கு இத்தனை சீட்டு?"

கெட்டிக்காரி. நிஜ மாடி பஸ்ஸில் ஏற வேண்டும் என்று அடம் பிடித்தாள். அப்போது மெட்ராஸில் ஓடிக்கொண்டிருந்தது. கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருந்தேன். ஒவ்வொரு லீவிலும் ஏதாவது ஒரு விபத்து, எங்காவது ஒரு லாரி கவிழும். "சரிப்பா, உங்ககூடத்தான் ஏறுவேன். நீங்க வராம ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். சின்னப் பிள்ளை பேச்சு என்று விட்டுவிட்டேன். பிறகு மெட்ராஸிலேயே காலேஜ் படித்தாள். ஹாஸ்டல் வாசலில் நிற்குமாம் மாடி பஸ். கூடப் படித்த பெண்கள் எல்லாம் மேலே ஏறிப் போவார்களாம், இவள் ஏறியதே இல்லையாம். லோகநாயகி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்படி ஒரு பிடிவாதம். சொன்ன சொல் சொன்னதுதான், மாற மாட்டாள். எங்கிருந்து வந்ததோ அந்தக் குணம். என்னிடமிருந்து வந்திருக்காது.

காபியைத் தொடவே இல்லை நீங்கள். வேறு போடட்டுமா? வேண்டாமா. இருங்கள், மேஜையைத் துடைத்துக்கொண்டே சொல்கிறேன். காது கேட்கிறது எனக்கு, நீங்கள் ஏதோ சொல்ல வருகிறீர்கள். பொட்டலத்தைப் பற்றித்தானே? எங்கே கிடைத்தது, யாரிடம் வாங்கினீர்கள், எல்லாம் அப்புறம். முதலில் பொருளைப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் கதை. க்ளெய்மிலும் அப்படித்தான். கதையை முதலில் கேட்டால் கண் கெட்டுவிடும்.

கரூர் என்று சொன்னீர்களே, அங்கே பஸ் பாடி கட்டுகிற பட்டறைகள் எல்லாம் எனக்கு அத்துப்படி. ஆபீஸ் வேலையாக மாதத்துக்கு நாலு தடவை போவேன். சுகந்தி பி.காம். முடித்ததும் அங்கே ஒரு பட்டறையில் கணக்கு எழுதுகிற வேலை வாங்கிக் கொடுத்தேன். நான்தான் வாங்கிக் கொடுத்தேன். நல்ல கம்பெனி, முதலாளி எனக்குத் தெரிந்தவர், பஸ் பிடித்த பெண், இருக்கட்டுமே என்று. திருச்சியிலிருந்து தினம் போய் வந்தாள். முதல் ஒரு வருஷம் வீடே கலகலவென்று இருந்தது. வந்ததும் என்னிடம்தான் பேச்சு. "அப்பா, இன்னிக்கு ஒரு பஸ்ஸுக்குக் கூரை ஏத்தினாங்க பாருங்க, நாலு பேர் நாலு மூலையைப் பிடிச்சுக்கிட்டு, ஒருத்தர் மட்டும் உள்ள நின்னு தலையாலேயே தாங்கறார்!" என்பாள். நானும் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த ஒருத்தன் யார் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அவன்தான்.

பட்டறையில் கூரை போடுகிற செக்‌ஷன். பஸ்ஸுக்குத் தகரம் அடிக்கிறவன். நம் ஆட்களும் இல்லை. நீங்களே சொல்லுங்கள், ஒரு ஆபீசர் வீட்டுப் பெண்... ஏன் எழுந்துவிட்டீர்கள்? உட்காருங்கள், உட்காருங்கள். உங்களைச் சொல்லவில்லை. கரூர்க்காரர்கள் எல்லோரையும் சொல்லவில்லை. ஒருத்தனைத்தான் சொல்கிறேன். அவனைப் பற்றிச் சொல்லாமல் கூரை எப்படிப் போயிற்று என்று சொல்ல முடியாது.

அந்த மழைக்காலம் முழுக்க வீட்டில் இதே பேச்சு. அவள் பேசுவாள், லோகநாயகி அழுவாள், நான் பஸ் துடைப்பேன். எனக்குச் சண்டை போடத் தெரியாது. குரலை உயர்த்தி நான் பேசியது கிடையாது, அந்தக் கூரையைக் கடித்த தடவை தவிர. ஒரு வெள்ளிக்கிழமை காலை. இதே மேஜை. இந்த பஸ்ஸின் கூரையைக் கழற்றித் துணிமேல் வைத்துவிட்டு, மாடிக் கம்பிகளுக்கு நடுவே பிரஷ் விட்டுக்கொண்டிருந்தேன். அது பாதியில் நிமிர முடிகிற வேலை இல்லை. நிமிர்ந்தால் கம்பி வளைந்துவிடும். அவள் வந்து எதிரே நின்றாள்.

"இன்னிக்குப் பத்தரைக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ்ப்பா. நீங்க வரணும்."

நான் நிமிரவில்லை.

"ஒரே ஒரு தடவை அவர் பேரையாவது சொல்லுங்கப்பா. உங்க வாயால ஒரு தடவை. அப்புறம் வராட்டியும் பரவாயில்லை."

"தகரம் அடிக்கிறவனுக்கு எதுக்குப் பேரு?" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். சத்தமே போடவில்லை.

அவள் துணிமேல் இருந்த கூரையை எடுத்தாள். திருடினாள் என்று சொல்ல மாட்டேன், என் கண் முன்னால்தான் எடுத்தாள். முந்தானையில் சுற்றிக்கொண்டாள். "இது வேணும்னா நீங்களே என் வீட்டுக்கு வந்து என் கையால வாங்கிக்கங்க. யார் வந்து கேட்டாலும் தர மாட்டேன். யார்கிட்டயும் கொடுத்தும் அனுப்ப மாட்டேன்" என்றாள்.

நான் என்ன சொன்னேன் என்று லோகநாயகி சாகும்வரை சொல்லிக் காட்டினாள். நான் ஒன்றும் புதிதாகச் சொல்லவில்லை. எல்லோரிடமும் சொல்வதைத்தான் சொன்னேன். "கதவைச் சாத்திட்டுப் போ, தூசி வரும்."

சாத்தவில்லை. அவ்வளவு படித்த பெண்ணுக்கு அந்தக் கவனம்கூட இல்லை. மத்தியானம் வரைக்கும் கதவு அப்படியே கிடந்தது. நானும் எழுந்து போய்ச் சாத்தவில்லை. கையில் வேலை இருந்தது. ஒரு பஸ்ஸைத் துடைக்க மத்தியானம்வரை ஆகுமா என்று லோகநாயகி கேட்டாள். ஆகும். நன்றாகத் துடைத்தால் ஆகும்.

எனக்கு இதில் என்ன வருத்தம் என்றால், அந்த மாடல் ஜோடியாக இருந்தால்தான் மதிப்பு. கூரை இல்லாவிட்டால் பஸ் பாதிப் பொருள். பஸ் இல்லாவிட்டால் கூரை வெறும் பிளாஸ்டிக், சோப்பு டப்பா மூடி மாதிரி. அவளுக்கும் உபயோகம் இல்லை, எனக்கும் உபயோகம் இல்லை. யாருக்கும் லாபம் இல்லாத காரியத்தை அவள் எதற்குச் செய்தாள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

லோகநாயகி எனக்குத் தெரியாமல் கரூர் போய் வருவாள். தங்கச்சி வீட்டுக்கு என்று சொல்லிவிட்டுப் போவாள். திரும்பி வரும்போது முகம் வேறு மாதிரி இருக்கும். சாப்பாடு போடும்போது, "ஏங்க, ஒரு விஷயம்... கரூர்ல" என்று ஆரம்பிப்பாள். நான் எழுந்து அலமாரிப் பக்கம் போய்விடுவேன். சந்தானமும் ஒரு தடவை ஆரம்பித்தான், "வைத்தியலிங்கம், உனக்கு ஒரு சேதி" என்று. பஸ் சேதியாக இருந்தால் சொல், இல்லாவிட்டால் வேண்டாம் என்றேன். அதனால் எனக்கு அங்கே எதுவும் தெரியாது. அவள் இருக்கிறாள், வேலைக்குப் போகிறாள், அதற்கு மேல் எதுவும் தெரியாது. தெரியாமல் இருந்ததால்தான் இத்தனை நாள் ஓட்ட முடிந்தது.

லோகநாயகி போன அன்றைக்கு அவள் வந்தாள். வராமல் எப்படி? அவனும் வந்தானாம், தெருமுனையில் பைக்கோடு நின்றானாம், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லையாம். என் மைத்துனர்கள் இருந்தார்களே, அதனால் இருக்கும். நான் அவனைப் பார்க்கவில்லை. அவன் முகம் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. சுகந்தி அம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு துணிப்பை. நாள் முழுக்க அந்தப் பையைத் தள்ளி வைக்கவே இல்லை. பைக்குள் என்ன என்று எனக்குத் தெரியும். கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். ஆனால் சாவு வீட்டில் கேட்கிற பொருளா அது? நாலு பேர் என்ன நினைப்பார்கள்? புறப்படும்போது என் எதிரே வந்து நின்றாள். "வர்றேம்ப்பா" என்றாள். நான் தலையாட்டினேன். பையைக் கையில் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் நின்றாள். அப்புறம் போய்விட்டாள்.

நீங்கள் ஏன் தலையைக் குனிந்துகொண்டீர்கள்? உங்களுக்கும் பெண் இருக்கிறதா? இருக்கும், உங்கள் வயதில். எத்தனை பேர்? ஒன்றா? நல்லது. பஸ் பொம்மையெல்லாம் கையில் எட்டுகிற மாதிரி வைக்காதீர்கள்.

நான் போகவே இல்லை என்று நினைக்காதீர்கள். ஒரு தடவை கரூர் போனேன். பென்ஷன் வந்த பிறகு. பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒரு டீ குடித்தேன். வீடு எங்கே என்று விசாரித்தும் வைத்திருந்தேன், நடந்து போகிற தூரம்தான். அப்போதுதான் ஞாபகம் வந்தது, கூரையை வைத்துக் கொண்டுவர நான் பெட்டி எதுவும் எடுத்துக்கொண்டு வரவில்லை. பஞ்சு வைத்த பெட்டி வேண்டும், இல்லாவிட்டால் கொக்கி உடைந்துவிடும். பெட்டி இல்லாமல் போய் என்ன பிரயோஜனம்? அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். பிறகு பெட்டி செய்தேன். அதோ இருக்கிறது, அளவெடுத்துச் செய்தது. பெட்டி செய்து முடிப்பதற்குள் முட்டி வலி வந்துவிட்டது.

அதன் பிறகுதான் குழுவில் விளம்பரம் போட ஆரம்பித்தேன். மாதம் பிறந்தால் போடுவேன். 'க்ரீம், பச்சை மாடி பஸ்ஸுக்குக் கூரை தேவை. பின்பக்கம் இடது மூலையில் சின்னக் கடி அடையாளம் இருந்தாலும் பரவாயில்லை.' கீழே என் போன் நம்பர். குழுவில் ஒரே சிரிப்பு. "யார் சார் கடிச்ச கூரையைப் பத்திரமா வெச்சிருப்பாங்க?" என்று ஒருத்தர். "எலி கடிச்சது இருக்கு, பரவாயில்லையா?" என்று இன்னொருத்தர். எல்லாம் பசங்கள். பரவாயில்லை, சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஒரே ஒருத்தர் மட்டும் சிரிக்கமாட்டார். படம் கிடையாது, 'மாடி சீட்டு' என்று ஒரு பேர். எதுவும் எழுதவும் மாட்டார். நான் விளம்பரம் போட்டால் அன்றைக்கே அதன் கீழே ஒரு கட்டைவிரல் போட்டுவிடுவார். ஒவ்வொரு மாதமும். ஒரு மாதம் எனக்குக் காய்ச்சல், இரண்டு நாள் கழித்துப் போட்டேன். அன்றைக்கும் வந்தது. "அந்த ஒரு கட்டைவிரலுக்காகத்தானே மாசாமாசம் போடறே?" என்று சந்தானம் கிண்டல் பண்ணுவான். நான் எதற்கு அதற்காகப் போடுகிறேன்? எனக்கு வேண்டியது கூரை.

இந்த மாதம் அது வரவில்லை. நேற்று வரைக்கும் பார்த்தேன். அவருக்கும் சலித்துப்போயிருக்கும். எத்தனை நாளைக்குத்தான் ஒருத்தர் கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டே இருக்க முடியும்? அந்த வருத்தத்தில் இருக்கும்போதுதான் உங்கள் போன் வந்தது. கட்டைவிரல் போய்க் கூரையே வருகிறது என்று சந்தானத்துக்கு உடனே போன் பண்ணிச் சொன்னேன். "நான் வரட்டுமா அங்கே?" என்று மட்டும் கேட்டான். எதற்கு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பொறாமை அவனுக்கு.

சரி, துணி விரித்தாயிற்று. கை கழுவிவிட்டேன். இந்தாருங்கள், நீங்களும் இந்த கிளவுஸைப் போட்டுக்கொள்ளுங்கள். நுழையவில்லையா? பெரிய கை உங்களுக்கு. விரலெல்லாம் என்ன இது, கீறல் கீறலாக? பரவாயில்லை, நீங்கள் தொட வேண்டாம். பொட்டலத்தை இப்படி வையுங்கள். நான் பிரிக்கிறேன்.

புடவைத் துணியில் சுற்றியிருக்கிறீர்களே. நல்ல வேலை. பருத்தி. கீறல் விழாது.

இந்த நிறத்தில்...

லோகநாயகியிடம் இந்த நிறத்தில் ஒன்று இருந்தது. இருக்கட்டும். இந்த நிறத்தில் ஊரில் ஆயிரம் புடவை.

கூரை. ஆமாம், கூரைதான். க்ரீம் கொஞ்சம் மஞ்சளாகியிருக்கிறது, வயதுக்கு அது சரி. நாலு கொக்கியும் இருக்கிறது. யாரோ நன்றாக வைத்திருந்திருக்கிறார்கள். தினம் துடைத்திருக்கிறார்கள். தூசியே இல்லை. வெளிச்சம் போதவில்லை எனக்கு. அந்தக் கதவைக் கொஞ்சம் திறங்கள். அகலத் திறங்கள். தூசி வந்தால் வரட்டும்.

பின்பக்கம். இடது மூலை.

இரண்டு பள்ளம். ஓரம் மழுங்கியிருக்கிறது. பழைய அடி. நாற்பது வருஷத்து அடி. இதேதான்! என் கூரைதான் இது! எங்கே கிடைத்தது உங்களுக்கு? அவள் கொடுத்தாளா? கொடுத்து அனுப்பினாளா உங்களிடம்?

இருங்கள். சொல்லாதீர்கள்.

அவள் கொடுத்து அனுப்ப மாட்டாள். யாரிடமும் கொடுத்து அனுப்ப மாட்டேன் என்று சொன்னாள். சொன்ன சொல் மாற மாட்டாள் என்று இப்போதுதானே உங்களிடம் சொன்னேன். மாடி பஸ்ஸில்கூட ஏறவில்லை அவள். அப்படியென்றால் இதை அவள் அனுப்பவில்லை. நீங்களாகத்தான் எடுத்து வந்திருக்கிறீர்கள்.

பழனியா என்று கேட்டேன். நீங்கள் பதில் சொல்லவில்லை.

வேண்டாம். வாயைத் திறக்காதீர்கள். இன்னும் பார்த்து முடிக்கவில்லை நான். முழுதும் பார்த்துவிட்டுத்தான் கதை. முன்பக்கம் சுத்தம். நடுவில் சுத்தம். பின்பக்கம் வலது மூலை... இது என்ன? இதிலும் இரண்டு பள்ளம். இது என்னுடைய கூரையில் கிடையாது. ஓரம் இன்னும் கூர்மையாக இருக்கிறது. பத்து வருஷத்துக்குள் பட்ட அடி. இதுவும் பால் பல்தான், கீழ்ப் பல், இரண்டே இரண்டு. இது யார்? எனக்கு எதுவும் தெரியாது என்று சொன்னேனே, லோகநாயகி சொல்ல வந்தாள், சந்தானம் சொல்ல வந்தான்... ஒரே பெண் என்று சொன்னீர்கள்.

கடித்தபோது சுகந்தி சத்தம் போட்டாளா? இல்லையா? தலையை ஆட்டுகிறீர்கள். சிரித்தாளா?

சிரித்திருப்பாள்.

உங்கள் பேரை நான் கேட்கவில்லை என்று சொன்னேன். கேட்க வேண்டியதில்லை. பேர் எனக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். தங்கராசு. சரிதானே? தங்கராசு.

இந்தாருங்கள், கிளவுஸ் வேண்டாம், வெறும் கையாலேயே பிடியுங்கள், ஒன்றும் ஆகாது. நீங்களே போடுங்கள் தங்கராசு. முதலில் பின்பக்க மூலை, அப்புறம்... சரி, கூரை போட உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. மெதுவாக அழுத்துங்கள். 'டிக்' என்று கேட்கும். அந்தச் சத்தம் கேட்கும்வரை ஒன்றும் சொல்லாதீர்கள்.

கேட்ட பிறகு சொல்லுங்கள்.